பப்புக்கு முதல்முறை போகிறவருக்கு: கிழக்கு லண்டனின் போலின் டேவர்னை முன்வைத்து

பப் என்றதும் சென்னையில் வளர்ந்தவர் மனதில் வருவது நட்சத்திர ஓட்டலின் இருட்டுக் கூடம், காதைப் பிளக்கும் பாட்டு, வாசலில் கறுப்புச் சட்டைக் காவலர், நுழைவுக் கட்டணம். இங்கிலாந்தின் தெருமுனைப் பப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டாஸ்மாக்கை ஒட்டிய பாரின் அவசரமும் இங்கே கிடையாது. பகல் 12 மணிக்கு ஒருவர் நாளிதழை விரித்துக்கொண்டு அரை பைன்ட் பீரோடு உட்கார்ந்திருப்பார். பக்கத்து மேசையில் வயதான அம்மா ஒருவர் காபி குடித்துக்கொண்டிருப்பார், காலடியில் அவருடைய நாய் படுத்திருக்கும். உள்ளே வரக் காசு இல்லை. மது குடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஏதாவது ஒன்றை, லைம் சோடாவையாவது, வாங்கிவிட்டு உட்காருங்கள், அது போதும்.

புதியவர் திணறுவது பெரும்பாலும் கவுன்ட்டர் முன்னால்தான். எங்கே நிற்பது, யாருக்கு முதலில், என்ன சொல்லிக் கேட்பது, எப்போது காசு கொடுப்பது என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. அந்த மரப்பலகைக்கு முன்னும் பின்னும் நடப்பது புரிந்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும்.

உதாரணத்துக்கு ஓர் இடம்

கிழக்கு லண்டனில் நியூஹாம் பகுதி. டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் அப்டன் பார்க்கில் இறங்கி, கிரீன் ஸ்ட்ரீட்டில் தெற்கு நோக்கி நடந்தால் இருபக்கமும் புடவைக் கடைகளும் நகைக் கடைகளும். நிலையத்துக்குப் பக்கத்திலேயே குவீன்ஸ் மார்க்கெட். தெரு பார்கிங் ரோட்டில் முட்டும் சந்திப்பில் போலின் டேவர்ன் நிற்கிறது. அங்கிருந்து பார்கிங் ரோட்டிலேயே கிழக்கே போனால் ஈஸ்ட் ஹாம்: தோசைக் கடை, இடியாப்பப் பொட்டலம், தமிழ் எழுத்தில் பெயர்ப்பலகை. அந்தப் பக்கத்துத் தமிழர் பலர் இந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் பேருந்தில் போய்வருகிறார்கள்.

1899-1900இல் கட்டியது. எதிர்ச் சந்திப்பில் 1966 உலகக் கோப்பை வென்ற ஆட்டக்காரர்களின் வெண்கலச் சிலை. வெஸ்ட் ஹாம் யுனைடெட் கால்பந்து அணியின் மைதானம் 2016 வரை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆட்டம் உள்ள நாளில் இந்தப் பப்பில் கால் வைக்க இடமிருக்காது. அணி ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போனபின் அந்தக் கூட்டமும் போயிற்று. பிறகு கட்டடத்தைப் பழைய வடிவிலேயே புதுப்பித்து 2021இல் மறுபடி திறந்தார்கள்.

உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். பின்பக்கத்தில், முன்பு பில்லியர்ட்ஸ் ஆடிய அறைக்கு மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை இருக்கிறது. அதைவிட முக்கியமானது தடுப்புகள். மரச் சட்டத்தில் பூவேலை செய்த கண்ணாடி பதித்து, ஒரே கூடத்தைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். விக்டோரியா காலத்துப் பப்பில் கூலி வேலை செய்பவர் போவது பப்ளிக் பார். அங்கே தரை வெறும் பலகை, பீரும் ஒரு காசு குறைவு. கோட்டு போட்டவர் போவது சலூன் பார். அங்கே கம்பளம், மெத்தை இருக்கை. யார் கண்ணிலும் படாமல் ஒரு வாய் குடிக்க விரும்பிய பெண்களுக்கு ஸ்னக் என்ற குட்டி அறை. ஒவ்வொன்றுக்கும் தெருவிலிருந்தே தனிக் கதவு. வர்க்கப் பிரிவினையைத் தச்சர் வேலையாகவே செய்து வைத்திருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான பப்புகள் தடுப்புகளைப் பிடுங்கிப் போட்டு ஒரே கூடமாக்கிவிட்டன. போலினில் திரும்ப வைத்திருக்கிறார்கள். இப்போது எந்தக் கதவு வழியாகப் போனாலும் விலை ஒன்றுதான்.

கவுன்ட்டரில்

கதவைத் திறந்ததும் யாரும் வந்து இடம் காட்ட மாட்டார்கள். காலியாக இருக்கும் மேசையில் நீங்களே உட்காரலாம், 'ரிசர்வ்டு' அட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உட்கார்ந்தபடி காத்திருந்தால் பொழுது சாய்ந்தாலும் எதுவும் வராது. சில சங்கிலிக் கடைகளில் செல்பேசிச் செயலி வழியாக மேசைக்கே வரவழைக்கலாம், சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுவந்து தருவதும் உண்டு. மற்றபடி குடிப்பதை வாங்க எழுந்து கவுன்ட்டருக்குத்தான் போக வேண்டும். கூட்டமாகப் போனால் ஒருவர் மேசையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவரோ இருவரோ போய் வாங்கி வருவது வழக்கம். ஆறு பேரும் கவுன்ட்டரை அடைத்து நின்றால் பின்னால் இருப்பவர்களுக்கு எரிச்சல்.

ஆங்கிலேயர் எங்கேயும் வரிசை கட்டுவார்கள் என்பது தெரிந்ததுதான். பப் கவுன்ட்டர் மட்டும் விதிவிலக்கு. நீளவாக்கில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே போய் நிற்கலாம். வரிசை கண்ணுக்குத் தெரியாதே தவிர, இருக்கிறது. யார் எப்போது வந்தார் என்பதை பாரில் நிற்பவர் கவனித்துக்கொண்டே இருப்பார். நீங்களும் உங்களுக்கு முன் யார் யார் நின்றார்கள் என்று பார்த்து வைக்க வேண்டும். தவறி உங்களை முதலில் கேட்டால், முன்பு வந்தவரைக் கை காட்டி, "ஐ திங்க் ஹீ வாஸ் நெக்ஸ்ட்" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி உங்களைப் புதியவர் என்ற கணக்கிலிருந்து எடுத்துவிடும். கோவிட் காலத்துக்குப் பின் சில இடங்களில் ஒருவர் பின் ஒருவராக நிற்கும் பழக்கம் வந்திருக்கிறது. பழைய வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துப் புலம்புகிறார்கள். அப்படி வரிசை இருந்தால் சேர்ந்துகொள்வதே நல்லது, புலம்பும் உரிமை அவர்களுக்கு.

கூடாதது மூன்று: சொடுக்குப் போடுவது, நோட்டை ஆட்டிக் காட்டுவது, தட்டுவது. பாரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைத்தால் போதும். கவுன்ட்டருக்கு வந்தபின் "என்னடா வேண்டும் உனக்கு?" என்று மேசைப் பக்கம் கத்தக் கூடாது, எல்லாம் கேட்டுவிட்டு வாருங்கள். ஸ்டவுட் என்ற கருப்பு பீர் யாருக்காவது வேண்டுமென்றால் அதை முதலில் சொல்லுங்கள். கின்னஸ் போன்றவற்றை முக்கால் பங்கு நிரப்பி, நுரை அடங்கும்வரை நிறுத்தி, பிறகு மேலே நிரப்புவார்கள். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகும். கடைசியில் சொன்னால் மற்றதெல்லாம் தயாராகியும் உங்களுக்குப் பின்னால் இருப்பவர் காத்திருக்க வேண்டிவரும்.

அளவையும் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "எ பைன்ட் ஆஃப் பிட்டர், ப்ளீஸ்." பிட்டர் என்பது ஒரு வகை பீர். அளவுகள் சட்டப்படி நிர்ணயித்தவை. ஒரு பைன்ட் 568 மில்லி, அரை 284 மில்லி. மூன்றில் ஒன்றும், மூன்றில் இரண்டும் உண்டு. பலவற்றைச் சுவைத்துப் பார்க்க நினைப்பவருக்கு மூன்றில் ஒன்று நல்லது. விஸ்கி, ஜின், ரம், வோட்கா 25 மில்லி அல்லது 35 மில்லி. எது என்பதைப் பப் முடிவு செய்திருக்கும். நம்மூர் 'லார்ஜ்' கணக்கில் 60 மில்லி எதிர்பார்ப்பவருக்கு, 25 மில்லி ஊற்றும் பப்பில் டபுள் கேட்டாலும் 50தான் வரும் என்பது முதல் அதிர்ச்சி. ஒயின் 125, 175, 250 மில்லி. 'லார்ஜ்' என்று சொன்னால் 250, அதாவது ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் கையில்.

காசை அப்போதே கொடுத்துவிட வேண்டும். இப்போது எல்லா இடத்திலும் அட்டையைத் தட்டுவதுதான் வழக்கம். நீண்ட நேரம் இருப்பீர்கள் என்றால் அட்டையைக் கொடுத்துக் கணக்குத் திறக்கலாம். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. நன்றாகக் கவனித்தார்கள் என்று தோன்றினால் கடைசியில் "அண்ட் ஒன் ஃபார் யுவர்செல்ஃப்" என்று சொல்வார்கள், ஒரு பானத்தின் விலையை அவர் தனக்கு எடுத்துக்கொள்வார். கிழக்கு லண்டனில் உங்களை 'டார்லிங்', 'லவ்', 'மேட்' என்று கூப்பிட்டால் அதற்கு எந்த உள்ளர்த்தமும் இல்லை, நம் கடைக்காரர் 'வாங்கண்ணே' என்பது போலத்தான்.

கைப்பம்பும் குழாயும்

கவுன்ட்டரில் இரண்டு வகைச் சாதனம் நிற்கும். ஒன்று, பளபளக்கும் குழாய்த் தூண். அதில் லாகர் என்ற வெளிர் பீரும், கெக் என்ற உலோகப் பீப்பாயில் வரும் மற்ற பீர்களும் வரும். வாயு அழுத்தத்தில் தள்ளப்பட்டு, குளிரூட்டி வழியாக, 5 டிகிரி அளவில் வருபவை. இந்தியாவில் குடித்துப் பழகிய சுவைக்கு நெருக்கமானவை. இன்னொன்று உயரமான மரப்பிடி, கைப்பம்பு. இந்த நாட்டுப் பப்பை மற்ற நாட்டு மதுக்கடையிலிருந்து பிரிப்பது இதுதான்.

கைப்பம்பில் வருவது காஸ்க் ஏல். மதுவாலையில் முழுதாக முடித்து வடிகட்டாமல், ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்து அனுப்புகிறார்கள். பப்பின் நிலவறையில் அது இன்னும் கொஞ்சம் புளித்து, தன் வாயுவைத் தானே உண்டாக்கிக்கொண்டு, தெளிகிறது. வெளியிலிருந்து வாயு சேர்ப்பதில்லை. நிலவறையின் வெப்பம் 11 முதல் 13 டிகிரி. 'இங்கிலாந்தில் பீர் வெதுவெதுப்பாக இருக்கும்' என்ற கதை இதிலிருந்து வந்தது. குடத்துத் தண்ணீர் அளவுக்குக் குளிர்ச்சி இருக்கும். ஐஸ்கட்டிக் குளிர்ச்சி இருக்காது. இந்த வகை அழிந்துவிடும் என்ற நிலை வந்தபோது 1971இல் காம்ரா என்ற குடிப்போர் இயக்கம் தொடங்கி, பெருமளவு மீட்டெடுத்தது.

ஊற்றுவதைக் கவனியுங்கள். கோப்பையைப் பம்பின் மூக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, பிடியைக் கீழ்வரை ஒரே சீராக இழுப்பார்கள். நிலவறையிலிருந்து பீர் ஏறி வரும் கனம் அவர் தோளில் தெரியும். கலங்கிய பழுப்பாக விழுந்து, அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வரும். கடைசியில் அரை இழுப்பு, கோப்பையின் விளிம்பைச் சரிசெய்ய.

இதில் பிழை நேர்வதும் எளிது. வழக்கமான ஃபிர்கின் பீப்பாயில் 9 காலன், அதாவது 72 பைன்ட் இருக்கும். திறந்ததும் உள்ளே காற்று போகத் தொடங்கும், மூன்று நாளுக்குள் விற்றுவிட வேண்டும். கூட்டம் குறைந்த பப்பில் ஆறு கைப்பம்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒன்றிரண்டு வைத்து வேகமாக விற்கும் இடத்தில்தான் நல்ல பைன்ட் கிடைக்கும். காடி வாடை அடித்தால் பீப்பாய் பழசு. வெண்ணெய் வாடை என்றால் பெரும்பாலும் புளித்தலில் கோளாறு. பப் திறந்த உடனே வந்த முதல் பைன்ட் தட்டையாக இருந்தால், இரவெல்லாம் குழாயில் தங்கியதை வடிக்காமல் ஊற்றியிருக்கலாம். கலங்கல் மட்டும் குறையல்ல, சில பீர்களை அப்படியே தயாரிக்கிறார்கள். பாரில் கேட்டால் சொல்வார்கள்.

கெட்டுப்போயிருந்தால் ஒன்றிரண்டு வாயிலேயே திரும்பக் கொண்டுபோய், குரல் உயர்த்தாமல், "கொஞ்சம் பார்க்கிறீர்களா?" என்று கேட்டால் மாற்றித் தருவார்கள். பாதி குடித்துவிட்டுப் போனால் நம்ப மாட்டார்கள். நுரை அதிகமாகி அளவு குறைந்திருந்தால் மேலே ஊற்றச் சொல்லலாம். தொழில் வழிகாட்டுதல்படி நுரை போகக் குறைந்தது 95 விழுக்காடு பீர் இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் கைப்பம்பு பீரைச் சுவை பார்க்கக் கேட்பதும் சகஜம், விரல் உயரம் ஊற்றித் தருவார்கள். பம்பின் பெயர் அட்டை பின்பக்கமாகத் திரும்பியிருந்தால் அது தீர்ந்துவிட்டது, அடுத்தது இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

சைவம், பன்றி, சைடர்: கவனிக்க வேண்டியவை

கைப்பம்பு பீரைத் தெளியவைக்கக் காலங்காலமாகப் பயன்படுத்துவது ஐசிங்கிளாஸ், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள். ஈஸ்டைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். கோப்பைக்கு வருவது அநேகமாக இல்லை. ஆனாலும் கண்டிப்பான சைவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். 'வீகன்' அல்லது 'அன்ஃபைன்டு' என்று குறிப்பிட்ட பீரைக் கேளுங்கள்.

நொறுக்குத் தீனியில் 'ஸ்க்ராட்சிங்ஸ்' என்று பொட்டலத்தில் இருந்தால் அது பொரித்த பன்றித்தோல். உருளைச் சீவல் பொட்டலம் மாதிரியே தொங்கும், தெரியாமல் வாங்கிவிடுவார்கள். சிப்ஸ் (இங்கே அது நீள உருளை வறுவல்) பொரிக்கும் எண்ணெயிலேயே மீனும் பொரிப்பது வழக்கம். ஞாயிறு மதியம் வறுத்த இறைச்சி, உருளை, குழம்பு சேர்ந்த ரோஸ்ட் பிரபலம். அதற்கு முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

மது வேண்டாதவர் வெட்கப்பட எதுவும் இல்லை. லைம் சோடா மலிவு, பெரிய கோப்பையிலும் வரும். 0.5 விழுக்காட்டு பீர் இப்போது பெரும்பாலான இடங்களில் உண்டு. இங்கே 'லெமனேட்' என்றால் எலுமிச்சைச் சாறு இல்லை, இனிப்பு சோடா. 'சைடர்' என்றால் ஆப்பிள் சாறு என்று நினைத்து ஏமாறாதீர்கள், அதில் மது உண்டு. 'ஷேன்டி' பாதி பீர். மது விற்கும் இடத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் உரிமத்தின் நிபந்தனை.

ரவுண்ட்

நாலு பேர் போனால் ஒருவர் நால்வருக்கும் வாங்குவார், அடுத்தது இன்னொருவர், இப்படிச் சுற்றி வரும். சுற்றைத் தாண்டி ஓடுபவரைப் பற்றி அலுவலகத்தில் மாதக்கணக்கில் பேசுவார்கள். சிக்கல் என்னவென்றால் நாலு பேர் என்றால் நாலு பைன்ட். யூனிட் என்ற மது அளவுக் கணக்கில், 4 விழுக்காட்டு பீரே ஒரு பைன்டில் 2.3 யூனிட் வரும், வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது அரசு மருத்துவ அறிவுரை. லண்டனில் ஒரு பைன்ட் 6, 7 பவுண்டு என்பதால் பையும் காலியாகும். ஒன்றோடு கிளம்ப நினைப்பவர் தொடக்கத்திலேயே "நான் எனக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று பேரிடம் வாங்கிக் குடித்துவிட்டு உங்கள் முறை வரும்போது கோட்டை எடுப்பதுதான் குற்றம். உங்களுக்கு லைம் சோடா, மற்றவர்களுக்கு பீர் என்றால் விலைக் கணக்கு இடிக்கும். நண்பர்கள் உங்களை ரவுண்டில் சேர்க்காமல் விட்டால் அது மரியாதையே.

வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

பல இனத்தார் வாழும் பகுதியின் பப் என்றால் ஒரு வரலாற்றையும் தெரிந்து வைக்க வேண்டும். 1960களின் நடுவரையில் கறுப்பருக்கும் ஆசியருக்கும் ஊற்ற மறுப்பது சட்டப்படி தடுக்கப்படவில்லை. 1964இல் பிரிஸ்டல் நகரின் பே ஹார்ஸ் பப்பில் பால் ஸ்டீஃபன்சன் என்ற கறுப்பினச் செயல்பாட்டாளர் பீர் தரும்வரை நகர மறுத்துக் கைதானார். வழக்கில் விடுதலை ஆனார். இரும்பு வார்ப்பாலைகளில் பஞ்சாபியர் வேலை பார்த்த ஸ்மெத்விக் ஊரில், ஒரே பப்பின் ஓர் அறையில் இந்தியருக்கு அனுமதி, இன்னோர் அறையில் இல்லை. 1965 பிப்ரவரியில் அந்த ஊருக்குப் போன அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அதைக் கண்ணாரக் கண்டார். அதே ஆண்டின் இன உறவுகள் சட்டம்தான் பொது இடங்களில் இந்தப் பாகுபாட்டை முதன்முதலில் தடை செய்தது.

பிறகு அதே ஊர்களில் பஞ்சாபியரே பப்புகளை வாங்கினார்கள். தந்தூரி அடுப்பு பின்பக்கம் வந்தது, கைப்பம்பு முன்பக்கம் இருந்தபடி இருந்தது. 'தேசி பப்' என்பது இதுதான். சுடச்சுடச் சீறும் கலவை இறைச்சித் தட்டும் ஒரு பைன்டும் அங்கே ஜோடி. சவுத்தாலில் இருந்த கிளாஸி ஜங்ஷன் இந்திய ரூபாயையே வாங்கிக்கொண்டது, 2012இல் மூடிவிட்டார்கள்.

இன்று காரணம் சொல்லாமலே ஒருவருக்கு விற்க மறுக்கலாம், ஆனால் நிறத்தையோ மதத்தையோ வைத்து மறுப்பது 2010 சமத்துவச் சட்டத்துக்கு விரோதம். சட்டம் ஒருபுறம் இருக்க, நடைமுறையில் உள்ளே எட்டிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். எல்லாத் தலையும் திரும்பிப் பேச்சு நின்றால் அடுத்த தெருவில் இன்னொரு பப் இருக்கிறது. கால்பந்து நாளில் எதிரணிச் சட்டையோடு போக வேண்டாம், அதற்கு நிறம் காரணமில்லை. தனியாகப் போகும் பெண்ணுக்கு யாராவது தொல்லை கொடுத்தால், கவுன்ட்டரில் "ஏஞ்சலா இருக்கிறாரா?" என்று கேட்கும் உதவிக் குறிச்சொல் 2016இலிருந்து நடப்பில் இருக்கிறது. அதில் பங்கேற்கும் பப்பின் ஊழியர்கள் பேசாமல் டாக்சி பிடித்துத் தருவார்கள், அல்லது பின்வழியாக அனுப்பி வைப்பார்கள்.

பேச்சு, விளையாட்டு, மணி

கவுன்ட்டர் அருகே நிற்பவரோடு பேச்சுக் கொடுக்கலாம். மேசையில் இருப்பவரை விட்டுவிடுங்கள். வானிலை, நாய், நேற்றைய ஆட்டம் மூன்றும் பாதுகாப்பான தலைப்புகள். பூல் மேசையில் ஆட வேண்டுமென்றால் விளிம்பில் ஒரு நாணயத்தை வையுங்கள், அதுவே முன்பதிவு. டார்ட்ஸ் எறியும் கோடு பலகையிலிருந்து 2.37 மீட்டர், அந்த இடைவெளியைக் குறுக்கே கடக்காதீர்கள். வெளியே போய்ச் சிகரெட் பிடித்துவிட்டு வருபவர் கோப்பை மேல் அட்டைத் தட்டை மூடி வைத்தால், 'திரும்பி வருவேன், எடுக்காதீர்கள்' என்று அர்த்தம்.

18 வயதுக்குக் கீழ் மது விற்கக் கூடாது. ஆனால் 25க்குக் கீழ் தெரிந்தாலே அடையாள அட்டை கேட்பது வழக்கம், நமக்கு முகத்தில் வயது தெரிவதில்லை என்பதால் முப்பதிலும் கேட்பார்கள். கடவுச்சீட்டு அல்லது ஓட்டுநர் உரிமம் எடுத்துப் போங்கள். பல்கலைக்கழக அட்டை செல்லாது. குழந்தைகளைப் பகலில் அழைத்துப் போகலாம், இரவு எத்தனை மணிவரை என்பதைப் பப்புக்குப் பப் கேட்டுக்கொள்ள வேண்டும். தள்ளாடுபவருக்கு ஊற்றுவது சட்ட விரோதம் என்பதால் "இத்தோடு போதும்" என்று சொன்னால் வாதாடாதீர்கள், பப்பின் உரிமத்துக்கு ஆபத்து.

மூடும் நேரம் ஒரு காலத்தில் பெரும்பாலும் 11 மணி. 2005இல் புதிய உரிமச் சட்டம் அமலுக்கு வந்தபின் பப்புக்குப் பப் மாறுகிறது. மூடுவதற்குச் சற்று முன் மணி அடித்து "லாஸ்ட் ஆர்டர்ஸ்" என்பார்கள், கடைசியாக வாங்க அதுவே நேரம். இரண்டாவது மணி அடித்தபின் கெஞ்சினாலும் கிடைக்காது. பம்புகள் மேல் துண்டைப் போர்த்திவிடுவார்கள். அதற்குப் பிறகு கையில் இருப்பதைக் குடித்து முடிக்க 20 நிமிடம் விடுவது வழக்கம். காலிக் கோப்பையைக் கவுன்ட்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வெளியே சத்தம் வேண்டாம், மேல் மாடியிலும் பக்கத்திலும் ஆட்கள் தூங்குவார்கள், அவர்கள் புகார் கொடுத்தால் பப்பின் உரிமத்துக்கே சிக்கல். காரில் வந்திருந்தால் சாவியைத் தொடாதீர்கள். பார்கிங் ரோட்டில் பேருந்து உண்டு.